அழுக்கின் மேல் மெழுகு

போன மாதம் ஒரு ராத்திரி, பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி இறங்கியபோதுதான் அதைப் பார்த்தேன். தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. விளக்கு. அது என் காரின் பானெட்டில் தெரிந்தது. அதைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னிய மாதிரி. குனிந்து பார்த்தேன், நகர்ந்து பார்த்தேன். நான் நகர நகர வலையும் கூடவே நகர்ந்தது. கதவில் ஒன்று, டிக்கியில் ஒன்று, கூரையில் ஒன்று. எட்டு வருஷமாக வைத்திருக்கும் கருநீல வண்டி. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் 1,500 ரூபாய் கொடுத்து வாக்ஸ் பாலிஷ் போட்டிருந்தேன்.

"சார், எவ்வளவுக்கு?" என்று பங்குப் பையன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்குக் காதில் விழவில்லை.

வாக்ஸ் போட்ட கடையில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காலை பத்தரை மணி, நல்ல வெயில். சூடாக நின்ற வண்டியின் மேல் கடைப் பையன் பம்புத் தண்ணீரைப் பீய்ச்சினான், நுரை அடித்தான், மறுபடி பீய்ச்சினான். பத்தே நிமிஷம். பிறகு பனியன் வேஸ்ட்டை எடுத்தான். திருப்பூரில் இருந்து மூட்டை மூட்டையாக வருகிற அந்தத் துணிதான் நம் பக்கத்து ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் கைத்துணி. முதலில் சக்கரத்தைத் துடைத்தான். அதே துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்து பானெட்டில் வைத்தான். பக்கெட்டின் அடியில் செம்மண் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது.

"தம்பி, துணிய மாத்திக்கப்பா."

"அலசிட்டேன் சார்."

"இங்க கைய வச்சுப் பாரு. இன்னும் நறநறங்குது."

"வாக்ஸ் போட்டா சரியாயிடும் சார்."

என் ஆதங்கம் முழுக்க இந்த ஒரு வார்த்தையின் மேல்தான். வாக்ஸ் போட்டால் எதுவும் சரியாவதில்லை. அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பிடித்து வைப்பதுதான் வாக்ஸின் வேலை. பெயிண்ட் சுத்தமாக இருந்தால் சுத்தத்தைப் பிடித்து வைக்கும். நறநறவென்று மண் இருந்தால் மண்ணைப் பிடித்து வைக்கும். அதுவாவது பரவாயில்லை. அந்த மண்ணோடு சேர்த்துத்தான் வாக்ஸைத் தேய்க்கிறார்கள். என் கண் முன்னால் அந்தப் பையன் மெஷினை ஓட்டினான். செம்மண்ணில் இருக்கிற படிகக்கல் துகள் கார் பெயிண்டைவிடப் பல மடங்கு கடினம். உப்புத்தாளை வைத்துத் தேய்த்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று சாயங்காலம் வண்டி பளபளத்தது உண்மை. வாக்ஸில் இருக்கும் எண்ணெய்ப் பசை கோடுகளை நிரப்பி மறைத்திருந்தது. மூன்று வாரத்தில், நாலு தடவை கழுவியதில், அந்தப் பசை போய்விட்டது. கோடுகள் வெளியே வந்துவிட்டன.

பெயிண்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு இல்லை. இரும்புத் தகட்டின் மேல் பாஸ்பேட், அதன் மேல் துரு பிடிக்காமல் காக்கிற பிரைமர், அதன் மேல் இன்னொரு பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத கிளியர் கோட். ஐந்தையும் சேர்த்தாலே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சராசரியாக 70 மைக்ரான். அதாவது, பாலிஷ் என்ற பெயரில் நாம் தேய்ப்பதெல்லாம் ஒரு முடியின் கனத்தைவிட மெல்லிய தோலை. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அந்தத் தோல்தான். ஒரு தடவை மெஷின் வைத்து ரப்பிங் போட்டால் அதில் இரண்டு, மூன்று மைக்ரான் போகும். போனது திரும்பி வராது. என்ன விலை கொடுத்தாலும் அந்தத் தோல் மறுபடி வளராது. தீர்ந்துபோனால் பானெட் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். சாலையில் ஓடுகிற பழைய வண்டிகளைப் பாருங்கள். கூரையில், பானெட்டில், வெண்குஷ்டம் மாதிரி தோல் உரிந்து நிற்கும். வயதாகிவிட்டது என்று நினைத்துக் கடந்து போகிறோம். அவற்றில் பல வண்டிகளின் தோலை, சுத்தம் செய்கிறேன் என்று சொல்லியே தேய்த்துக் கரைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் வேறு எந்த ஊரில் இருந்து சொன்னாலும் இவ்வளவு வலிக்காது. காரைக்குடியில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வலி. துருவைப் பற்றியும் பூச்சைப் பற்றியும் ஆராய்ச்சி செய்வதற்கென்றே ஓர் இடம் இந்த ஊரில் இருக்கிறது. சிக்ரி என்று ஊரில் எல்லோரும் சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கடல் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்காகக் கடலோர ஊரான மண்டபத்தில் உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் வருஷக்கணக்கில் வைத்துக் கணக்கெடுத்தவர்கள் இவர்கள். காரின் முதல் பிரைமரை அடிப்பதும் ஒரு மின்வேதியியல் வேலைதான். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இருக்கிற தொழிற்சாலைகளில் வண்டியின் முழு உடம்பையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சந்து பொந்தெல்லாம் சமமாகப் படிய வைக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் எண்ணெய் போகக் கழுவல், மறுபடி கழுவல், பாஸ்பேட், மறுபடி கழுவல் என்று எத்தனை குளியல்! பெயிண்ட் வருவதற்கு முன்னால் நடக்கிற வேலை, பெயிண்ட் வேலையைவிட நீளம். தொழிற்சாலைக்கு அது தெரியும். செக்காலை ரோட்டில் இருந்து சைக்கிளில் போனால் எட்டிவிடுகிற தூரத்தில் இருக்கும் விஞ்ஞானிகளுக்கு அது தெரியும். நடுவில் இருக்கிற நமக்குத்தான் வாக்ஸ் போட்டால் சரியாகிவிடும்.

பங்கில் பார்த்த மறுநாள் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். சண்டை போடவில்லை, காட்டினேன். மொபைல் டார்ச்சை அடித்து ஒவ்வொரு கோடாகக் காட்டினேன். முதலாளி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுக்கு செராமிக் கோட்டிங் போட்ரலாம் சார், மறைஞ்சிரும். உங்களுக்காக 15,000-க்குப் பண்ணித் தர்றேன்" என்றார். வாக்ஸாவது இரண்டு, மூன்று மாதத்தில் போய்விடும். செராமிக் வருஷக்கணக்கில் நிற்கும். கோடுகளைப் போக்காமல் மேலே அதைப் பூசினால், கோடுகளுக்கும் சேர்த்து வருஷக்கணக்கில் காவல் போட்ட மாதிரி. அதை அவருக்குச் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் சார் போடறாங்க" என்றார். உண்மைதான். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் ஒரே ஆளாகப் பார்த்த காலத்து மனிதர். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, பானெட்டின் பக்கவாட்டில் கன்னம் படுகிற மாதிரி சாய்ந்து பார்த்தார்.

"தம்பி, இது அம்பாசடருக்குத் தேய்க்கிற தேய்ப்பு."

விவரமாகச் சொன்னார். அந்தக் காலத்து வண்டிகளுக்கு அடித்தது டூக்கோ. 1920-களில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த பெயிண்டின் பெயர் அது. நம் ஊரில் கார் பெயிண்டுக்கே அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. அதில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் தோல். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி பொடிந்துவிடும். செத்துப்போன அந்த மேல் பொடியைத் தேய்த்து எடுத்தால்தான் உள்ளே உயிரோடு இருக்கும் நிறம் வெளியே வரும். தேய்க்கிற துணியில் வண்டியின் நிறமே ஒட்டும். ஆறேழு கை அடித்திருப்பார்கள், கனமும் தாங்கும். ஆகவே ரப்பிங் காம்பவுண்ட் போட்டு இழுத்துத் தேய்ப்பது அன்றைக்குச் சரியான வைத்தியம். "2014-ல அம்பாசடரே நின்னு போச்சு. கை மட்டும் இன்னும் அதே தேய்ப்பத் தேய்ச்சுக்கிட்டு இருக்கு" என்றார். வண்டி மாறி, பெயிண்ட் மாறி, முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலை சொல்லித் தருகிறவர்கள் மட்டும் மாற்றிச் சொல்லித் தரவில்லை. அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யார் சொன்னார்கள்?

அவர்தான் பிளாஸ்டிக் பை வித்தையைக் காட்டினார். கழுவிக் காய்ந்த பானெட்டை வெறும் கையால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. மளிகைக் கடையில் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அதே இடத்தைத் தடவச் சொன்னார். உடம்பு சிலிர்த்துவிட்டது. ரவையைத் தூவி வைத்த மாதிரி பொரபொரவென்று இருந்தது. கழுவியும் போகாமல் பெயிண்டிலேயே ஒட்டிக்கொண்ட அழுக்கு அது. தார்ப் பொட்டு, மரப் பிசின், பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத் துகள். திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் வாரத்துக்கு இரண்டு தடவை போய் வருகிற வண்டி. மதியம் முழுக்க வேப்பமரத்து நிழலில் நிற்கிற வண்டி. ஒட்டாமல் என்ன செய்யும்? இரும்புத் துகள் சூட்டோடு வந்து கிளியர் கோட்டில் பதிகிறது, மழையில் துருப்பிடிக்கிறது. வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் கதவுக்குக் கீழே மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். நாம் கொடுக்கிற 1,500 ரூபாய் வாக்ஸ், இந்த ரவையின் மேல்தான் போய் உட்காருகிறது.

இதை எடுப்பதற்குக் களிமண் மாதிரி ஒரு கட்டி இருக்கிறது. கிளே பார் என்று பெயர். ஜப்பானில் இருந்து உலகத்துக்குப் பரவியது. சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அந்தக் கட்டியைத் தோசை மாதிரி தட்டி, அழுத்தாமல் மேலே வழுக்க விட வேண்டும். முதலில் கரகரவென்று கையில் தட்டும், சத்தம்கூடக் கேட்கும். பத்து, பதினைந்து தடவை போய் வந்ததும் சத்தம் அடங்கிவிடும், கட்டி தானாக வழுக்கும். திருப்பிப் பார்த்தால், வெள்ளையாக இருந்த கட்டியில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை. சுத்தமாகக் கழுவிய பானெட்டில் இருந்து வந்தது அது! மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை எடுத்து அடுத்த இடம். கட்டி கை தவறித் தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஒட்டிய கட்டி மறுபடி உப்புத்தாள்தான். இவ்வளவுதான் வித்தை. இந்தக் கட்டியைக் கேட்டு ஊரில் நாலு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏறினேன். ஒரு கடையில் பட்டி டப்பாவை எடுத்து வைத்தார்கள். மூன்று கடையில், வாக்ஸ் இருக்கிறது, அது மட்டும் போதும் என்றார்கள். அலமாரியில் ஒன்பது விதமான வாக்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பூசுவதற்கு முன்னால் வேண்டிய ஒன்று இல்லை. கடைசியில் மதுரையில் இருந்து வரவழைத்தேன். 500 ரூபாய்கூட ஆகவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆச்சி வீடு இருக்கிறது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தால், இடுப்பளவு உயரத்துக்கு மேலே போகிற வெள்ளைச் சுவரில் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். கட்டி எண்பது, தொண்ணூறு வருஷம் இருக்கும். "ஆச்சி, இதுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "பெயிண்டா? ஈரத்துணியால தொடச்சாப் போதும்ப்பா" என்றார். அந்தச் சுவர் பளபளப்பது கடைசிப் பூச்சினால் மட்டும் இல்லை. சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, செக்கில் அரைத்து, கரடான பூச்சு, அது காய்ந்து இறுகியதும் அதைவிட நைசான பூச்சு, அதற்கு மேல் இன்னும் நைசு என்று அடுக்கடுக்காக ஏற்றியிருக்கிறார்கள். கடைசியில்தான் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்திருக்கிறார்கள். முடித்த பிறகும் சுவர் பல நாள் வியர்க்கும். வியர்க்க வியர்க்க மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பக்கத்து ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்களைப் பாருங்கள். அந்தத் தரைக்கல்லின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? அச்சுக்கு அடியில் வைக்கிற கண்ணாடித் தட்டில் இருந்து வருகிறது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் கல்லில் ஒரு குழி. அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் கண்ணாடியைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் வண்ண சிமெண்டை ஊற்றுகிறார்கள். சுவரிலும் தரையிலும் இந்த ஊர்க் கைகளுக்குத் தெரிந்திருந்த ஒன்றை, வாசலில் நிற்கிற வண்டிக்கு மட்டும் ஏன் மறந்தோம்?

மறக்க வைத்தது கடைக்காரர்கள் மட்டும் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு நேரத்துல தருவீங்க?" இரண்டாவது, "எவ்வளவு குறைப்பீங்க?" வண்டியின் மேல் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. முறையாகச் செய்தால் ஒரு வண்டிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அதை 45 நிமிஷத்தில் கேட்டால் எதை விடுவார்கள்? கண்ணுக்குத் தெரியாததைத்தான் விடுவார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்தக் கடைகளின் வாசலில் நிற்கிற வரிசையைப் பாருங்கள். விடிந்தால் கல்யாணம், ராத்திரிக்குள் பளபளக்க வேண்டும். மறுநாள் அதே பெயிண்டின் மேல் செலோ டேப்பை ஒட்டிப் பூமாலை கட்டுவார்கள், மாப்பிள்ளை பெண் பெயரை ஸ்டிக்கராக ஒட்டுவார்கள். பிறகு அந்தப் பசையை எடுக்கப் பெட்ரோலை ஊற்றி நகத்தால் சுரண்டுவார்கள். ஆயுத பூஜைக்கு பானெட்டில் குழைத்து வைக்கிற சந்தனமும் குங்குமமும் நாலு நாள் வெயிலில் காய்ந்தால் கறை உள்ளே இறங்கிவிடும். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் வண்டிக்கும் பிள்ளையார்பட்டியில்தான் முதல் மாலை. நம்பர் பிளேட்டில் வைக்கலாம், கண்ணாடியில் வைக்கலாம், வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விட்டு எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட என்னைப் பதற வைப்பது தினமும் காலையில் நடக்கிற துடைப்பு. தெருத் தெருவாகப் பார்க்கிறேன். ஆறு மணிக்கு ஒருவர் பழைய பனியனோடு வருகிறார். தண்ணீர் இல்லாமல், ராத்திரி படிந்த புழுதியை அப்படியே வறட்டு வறட்டென்று துடைக்கிறார். மாதச் சம்பளம் கொடுத்து, தினமும் தவறாமல், உள்ளங்கை அழுத்தத்தோடு, செம்மண்ணால் நம் வண்டியைக் கீறச் சொல்கிறோம். ஒரு நாள் அவர் வரவில்லையென்றால் கோபம் வேறு வருகிறது. புழுதி அதன்பாட்டுக்குக் கிடந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அதைத் தேய்ப்பதுதான் கெடுதல். எச்சம் விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. சூடான பெயிண்டின் மேல் காய்ந்து இறுகினால், அடியில் கிளியர் கோட்டையே அரித்துத் தழும்பு போட்டுவிடும். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த மக்கள் இருக்கிற மாவட்டம் இது. பறவைகளோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஈரத்துணியை ஐந்து நிமிஷம் எச்சத்தின் மேல் போட்டு ஊறவைத்து, அழுத்தாமல் தூக்கி எடுத்தால் முடிந்தது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை இந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் சொல்லிக் கொள்வோம். ஆனால் வண்டி கழுவுவது போர்த் தண்ணீரில். எங்கள் வீட்டுப் போரில் உப்பு அதிகம், குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். வெயிலில் கழுவினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வட்ட வட்டமாக நிற்கும். அதன் மேல் வாக்ஸைப் பூசினால் வட்டங்கள் உள்ளே அடைபட்டுவிடும். அதற்காகத்தான் வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில், ஒவ்வொரு பக்கமாகக் கழுவி உடனே ஈரம் ஒற்ற வேண்டியிருக்கிறது. சோப்புத் தூளும் பாத்திரம் கழுவுகிற திரவமும் வேண்டாம், கார் ஷாம்பு ஒரு மூடி போதும். நுரை ஒரு பக்கெட்டில், துணியை அலச வேறு பக்கெட். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும், சக்கரத்துக்குத் தனித் துணி. துணி மைக்ரோ ஃபைபராக இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். கழுவி முடிக்க ஆறரை. இரும்புத் துகளுக்கென்று ஒரு மருந்து இருக்கிறது, தெளித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் அழுது வழியும். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். கதவுகளுக்குக் கீழே ஊதாக் கோடுகள் ஓடின. எட்டு வருஷத்து இரும்பு. அலசிவிட்டு, கிளே கட்டியை எடுத்தேன். அதற்கு ஒன்றரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கப் போனவர், திரும்பி வந்தவர், பேப்பர் படித்து முடித்தவர், "இன்னுமா கழுவுறீங்க?" என்றார். பிறகு கோடுகளுக்கு வந்தேன். இருப்பதிலேயே மென்மையான பாலிஷை, மென்மையான பஞ்சில், கையாலேயே, ஒரு முழச் சதுரம் ஒரு முழச் சதுரமாக. எல்லாக் கோடும் போகாது, போகவும் வேண்டாம் என்று பெயிண்டர் அண்ணன் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் எடுக்கப் போனால் தோல் மிஞ்சாது. பாதி மங்கினால் போதும். கடைசியாக பாலிஷின் எண்ணெய்ப் பசை போக, தண்ணீர் கலந்த ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. மேலே வரப்போகிற பூச்சு பெயிண்டையே பிடிக்க வேண்டும், எண்ணெயைப் பிடிக்கக் கூடாது.

அப்போதுதான் வாக்ஸ் டப்பாவைத் திறந்தேன். கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனை வகை மரத்தின் ஓலையில் படிகிற மெழுகு. காய்ந்த மண்ணில், கடும் வெயிலில், தன் ஓலையில் இருக்கிற ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தானே சுரந்து பூசிக்கொள்வது. 80 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் உருகும். நம் பனங்காட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அதைக் கடுகளவு எடுத்து, மூச்சு பட்டால் பனி படிகிற மாதிரி மெல்லிசாகத் தடவி, மங்கியதும் துடைத்தேன். வண்டி முழுவதற்கும் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. டப்பாவில் எடுத்த இடமே தெரியவில்லை. இந்த இருபது நிமிஷத்தைத்தான் நாம் கடையில் 1,500 ரூபாய்க்கு வாங்குகிறோம். அதற்கு முன்னால் இருக்கிற நாலரை மணி நேரத்தை யாரும் விற்பதும் இல்லை, கேட்பதும் இல்லை.

ராத்திரி அதே பங்குக்குப் போனேன். வலை மங்கியிருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடிக்குக் கீழே மட்டும், நகம் தட்டுகிற ஆழத்தில் மூன்று கோடுகள் அப்படியே இருக்கின்றன. எந்தத் துணியில் எந்தக் கல் ஒட்டியிருந்ததோ. அதற்கு மேல் தேய்க்க எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தில் இன்னும் எத்தனை மைக்ரான் மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நேற்று அண்ணன் மகன் தேவகோட்டையில் இருந்து போன் பண்ணினான். புது வண்டி எடுத்து ஆறு மாதம் ஆகிறது, கறுப்பு நிறம். "சித்தப்பா, நாளைக்கு வாக்ஸ் போட விடப் போறேன். முக்கால் மணி நேரத்துல தந்துர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றான். வயிற்றைப் பிசைந்தது. அங்கே விடாதே, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுக்குக் கொண்டு வா, நான் கூட நிற்கிறேன், இரண்டு பேருமாகச் செய்தால் பத்து மணிக்கு முடித்துவிடலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

"ஒரு வாக்ஸுக்கா சித்தப்பா?" என்றான்.